உட்கார்ந்த ரத்தம்

அந்த உப்பு எந்த ஊர்க் குழம்பிலும் விழப்போவதில்லை. கிழக்கே ஒரு அம்பாரம், மேற்கே ஒரு அம்பாரம், நடுவில் முந்நூறு அடி வெயில். காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டுப் பெண்கள் கிழக்கு அம்பாரத்தை வெட்டிப் பெட்டியில் நிரப்பி, தலையில் ஏற்றி, மேற்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். அவர்கள் கால் கழுவி முடிப்பதற்குள் ஒரு மஞ்சள் இயந்திரம் வந்து, எட்டு மணி நேரம் அவர்கள் சுமந்ததை இருபது நிமிடத்தில் வாரி மறுபடியும் கிழக்கே தள்ளிவிட்டுப் போகும். அந்த இயந்திரத்தை ஓட்ட ஆள்கூடக் கிடையாது. அது பாட்டுக்கு வரும், போகும்.

ஐந்து வருடமாக இதே உப்புதான். வெள்ளை போய்ப் பழுப்பேறிவிட்டது. "எத்தனை தடவ நம்ம தலையில ஏறி எறங்கிருக்கும்? அந்த உப்புக்கு நம்ம பேரெல்லாம் தெரியும் மதினி" என்பாள் எஸ்தர். மாடத்தி பதில் சொல்லமாட்டாள். சுமக்கும்போது பேசினால் கழுத்து ஆடும்.

தூத்துக்குடிக் கரையின் உப்பளங்கள் இயந்திரத்துக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. உப்பளம் மட்டுமா? கட்டடத்தில் சித்தாள் இல்லை, வயலில் நடவுக்காரி இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் இல்லை. நாடே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த நாட்டில் வீட்டுக்கு வீடு புற்று முளைத்தது. அப்போதுதான் பெரிய மனிதர்களுக்குச் சுமக்கிறவர்களின் ஞாபகம் வந்தது. சும்மா வரவில்லை, ஊசியோடு வந்தது.

முதல் நாள் டாக்டர் மதுவந்தி எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். சென்னைப் பெண். முகத்தில் இன்னும் கல்லூரிக் களை போகவில்லை.

"கொழுப்பு ரத்தத்துல தானா நீந்தாதும்மா. தண்ணியில எண்ணெய் மாதிரி ஒட்டாம நிக்கும். அதனால உடம்பு அதை ஒரு புரதக் கூட்டுக்குள்ள வச்சு அனுப்புது. கொழுப்புப் புரதம்னு பேரு."

"தோணியில சரக்கு ஏத்துத மாதிரி" என்றாள் மாடத்தி.

"அதேதான். அந்தத் தோணிங்க போற வழியில காவல் செல்களைத் தொட்டுட்டுப் போகும். காவல் செல்தான் புற்று செல்லைத் தேடிப் பிடிச்சுக் கொல்லும். கெட்ட தோணி வந்து அது மேல கொழுப்பைக் கொட்டிட்டுப் போச்சுன்னா, அது தின்னுட்டுத் தூங்கிடும். பக்கத்துலயே கட்டி வளர்ந்தாலும் கண்ணைத் திறக்காது. நல்ல தோணி வந்தா அந்தக் கொழுப்பை வாரிட்டுப் போயிடும். காவல் முழிச்சுக்கும்."

"அந்த நல்ல தோணி எங்ககிட்ட இருக்காக்கும்?"

"பதினஞ்சு இருபது வருஷம் வெயில்ல சுமந்த உடம்புலதான் இருக்கு. இப்போ நாட்டுல அப்படி உடம்பே ஆயிரக்கணக்குலதான் மிச்சம்."

"பெரிய மனுசன்மாரும் இரும்பைத் தூக்கித் தூக்கி வைக்காவளே டாக்டரம்மா, கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு. அவியளுக்கு ஊறலியா?" என்றாள் மாடத்தி.

டாக்டர் சிரித்துவிட்டாள். "ஊறலை. ஆய்வுக்கூடத்துல செயற்கையா செஞ்சும் பார்த்தாங்க. பார்க்க அப்படியே இருக்கு, வேலைதான் செய்ய மாட்டேங்குது."

"செஞ்சவுகள மாதிரியே பொறந்திருக்கு" என்றாள் எஸ்தர். கூடம் முழுக்கச் சிரிப்பு.

மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, அதிலிருந்து தோணிகளை மட்டும் பிரித்துப் பையில் அடைப்பார்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரு விழிப்பு எண். நூறுக்கு எழுபது தாண்டினால்தான் அது சரக்கு. பை குளிர்பெட்டியில் ஏறி விமானத்தில் போகும். மிச்ச ரத்தத்தை அவரவர் உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த மட்டில் நியாயஸ்தர்கள்.

ரத்தம் எடுக்கத்தான் கூப்பிட்டார்கள் என்றால் உப்பை எதற்குச் சுமக்க வேண்டும்? கம்பெனி சொல்லவில்லை. பெண்களும் கேட்கவில்லை. முதலாளிமாரை அவர்கள் இன்றைக்கு நேற்றைக்குப் பார்க்கிறவர்களா? மாடத்தி முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "நம்மளச் சும்மா ஒக்கார வச்சுச் சம்பளம் குடுக்க அவியளுக்கு வயிறு எரியும்ட்டி. அதான் அங்கயும் இங்கயும் அள்ளச் சொல்லுதாவ." அந்தத் தீர்ப்பை யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற மாதிரி ஒரு முதலாளியையும் அவர்கள் பார்த்ததில்லை.

ஆளுக்கொரு நீலப் பட்டை, மணிக்கட்டில். மேற்கு அம்பாரத்தில் ஒரு பெட்டி கொட்டினால் பட்டை ஒரு தடவை கிணுங்கும். நாளுக்கு எண்பது கிணுக்கு. குறைந்தால் மேலாளர் கிருபாகரன் கூப்பிட்டனுப்புவார்.

இப்படியாகத் தன் ரத்தம் முகம் தெரியாதவர்களின் காவலை எழுப்பிக்கொண்டிருந்தபோதுதான் மாடத்தியின் வீட்டுக்காரர் பொன்னுலிங்கத்துக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. பொன்னுலிங்கம் உப்பளத்தில் பம்ப் ஓட்டியவர். இருபது வருடம் மோட்டார் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தே காலம் போனது. ஊரில் அதற்குப் பெயர் 'நல்ல வேலை'.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மருந்து இருக்கும்மா. இலவசம்தான். ஆனா அது காவல் செல்லுக்கு வழி காட்டுற மருந்து. தூங்குறவன் கையில வரைபடத்தைக் குடுத்து என்ன பிரயோஜனம்? மொதல்ல எழுப்பணும். இவருக்கு விழிப்பு எண் இருபத்திரண்டு. நல்ல பை ஒண்ணு ஏத்தினா உடனே மருந்தை ஆரம்பிச்சிடலாம். ஒன்றரை மாசம் டைம் இருக்கு. அதுக்கு மேல ஏத்தியும் புண்ணியமில்லை."

மாடத்திக்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு பை, ஒன்றரை மாதம்.

கம்பெனிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். 'கொடையாளர் குடும்ப நலத் திட்டம்' என்று எழுதி, கீழே ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். அவள் ஆயுளில் உப்புப் பெட்டியைத் தொட்டதில்லை என்பது அவள் கழுத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தத் திட்டத்தைக் கேட்டு மாடத்தி கிருபாகரன் முன்னால் நின்றாள்.

"அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு ஒரு பை உண்டு, மாடத்தி அம்மா" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா உங்க பைதான் உங்க வீட்டுக்காரருக்கு. மத்தவங்க பை எல்லாம் முன்பதிவு ஆயிடுச்சு. அப்புறம், இந்த மாசம் எண்ணிக்கை எண்பதுக்குக் குறையவே கூடாது. குறைஞ்சா திட்டம் ரத்து."

"அவிய ஆஸ்பத்திரியில கெடக்காவ சார். வேற ஆளு கெடையாது. நான் அங்க இருந்தா பெட்டி எப்படித் தூக்க?"

"அது உங்க சௌகரியம்."

எஸ்தர் வெளியே காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவுடன் மாடத்தியின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"நீ போ மதினி. அண்ணன் பக்கத்துல இரி. ஒம் பெட்டிய நாங்க பாத்துக்கிடுதோம்."

உப்பளத்தில் இது பழைய வழக்கம். மாத்துச் சுமை என்பார்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுக் கிடந்தால், ஒரு வீட்டில் இழவு விழுந்தால், மற்றவர்கள் ஆளுக்கு ரெண்டு பெட்டி அவள் பெயரில் சுமப்பார்கள். கங்காணிக்குத் தெரியாது. தெரிந்தாலும் எண்ணிக்கை சரியாக இருந்தால் அவன் வாயைத் திறக்கமாட்டான். முப்பத்தேழு பேர் பட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதிகம் சுமந்தது எஸ்தர்தான்.

பதினெட்டு நாள் மாடத்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள், வாந்தி பிடித்தாள்.

"ஏளா, நீ உக்காந்து இப்பத்தான் பாக்கேன்" என்றார் பொன்னுலிங்கம். "கல்யாணத்தன்னிக்கே அரை மணி நேரந்தான் உக்காந்த."

"அன்னிக்கும் ஒங்க அம்மாதான் எழுப்பிவிட்டாவ. தண்ணி எடுக்க."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். மாடத்தியின் பாதத்தில் ஐந்து வருடமாக மூடாத உப்பு வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நல்லதுதான் என்று நினைத்தாள்.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. கம்பெனி வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள்: 'இம்மாதத் தரம், இதுவரை இல்லாத உச்சம்!' ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பரிசு. அதில் கம்பெனி முத்திரை. எஸ்தரின் எண் தொண்ணூற்றேழு. அது எந்தக் கோடீஸ்வரனின் காவலை எழுப்பப் போகிறதோ, கிருபாகரனே எழுந்து வந்து எஸ்தருக்குக் கைகொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாடத்தியின் பை நிரம்பியது. இயந்திரம் யோசித்தது. திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

டாக்டர் மதுவந்தி மறுபடி வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று.

"என்னம்மா இது? பெட்டி எண்ணிக்கை தினம் எண்பத்தஞ்சு காட்டுது. எண்பத்தஞ்சு தூக்கினவங்க ரத்தம் இப்படி இருக்காதே. இது உட்கார்ந்திருந்த ஆளோட ரத்தம்."

எஸ்தர்தான் கேட்டாள், குரல் பாதியாகக் குறைந்து: "உக்காந்தா... கெட்டுப்போயிருமா டாக்டரம்மா?"

"பத்து நாள் சும்மா இருந்தா பாதியாயிடும். உடம்பு பழசா இருந்தா மட்டும் போதாது, தினம் சுமக்கவும் வேணும். அதுக்குத்தானே அந்த உப்பு?" சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது டாக்டருக்கு உறைத்தது. வாசல் பக்கம் பார்த்தாள். "இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு..."

"யாரு சொன்னா?"

டாக்டரின் கண் கிருபாகரன் அறைப் பக்கம் போனது. யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஐந்து வருடம். முதலாளியின் அற்பப் புத்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சுமந்தார்கள். முதலாளி அவர்கள் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன். எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள் என்று பழக்கினான், பிடித்துக்கொண்டார்கள். எண்ணிக்கை குறையவேயில்லை. சரக்குதான் செத்துப்போனது.

எஸ்தர் அப்படியே தரையில் சரிந்தாள். "நாந்தான் மதினி. நாந்தானே பட்டையக் கழட்டுனேன். அண்ணன நாந்தான்..."

"எந்திரிட்டி" என்றாள் மாடத்தி.

"எம் பையக் குடுங்க டாக்டரம்மா! தொண்ணூத்தேழுலா? அது பாதி மதினி பெட்டிதான்!"

அதற்குள் கிருபாகரன் வந்துவிட்டார். எஸ்தரின் பை ஏற்கெனவே குளிர்பெட்டிக்குள் போய், பெட்டி வண்டிக்குள் போயிருந்தது. "முன்பதிவு செஞ்சவங்களுக்கும் உயிர் இருக்குல்லம்மா" என்றார். "ஏமாத்தி எண்ணிக்கை காட்டினதுக்கு நான் உங்க எல்லார் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். மனிதாபிமானத்துல விடறேன்."

மாடத்தி அவரைப் பார்க்கவேயில்லை. டாக்டரிடம் கேட்டாள்: "இனிமே நான் ஒழுங்கா சுமந்தா எத்தனை நாள்ல எழுவதத் தொடும்?"

"இருபது, இருபத்தஞ்சு நாள்."

ஒன்றரை மாதத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது. மிச்சம் இருபத்தேழு. தொட்டால் தொடும். ஆனால் அதற்கு அவர் பக்கத்தில் இருக்க முடியாது. தொட்டாலும், அடுத்த பைக்குத் திட்டம் கிடையாது. ஒரு பை கொடுத்தாகிவிட்டது என்று கிருபாகரன் கையெழுத்தே வாங்கிவிட்டார், முப்பத்தொன்றுக்கு.

கால் கழுவும் குழாயடியில் முப்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். மஞ்சள் இயந்திரம் தன் பாட்டுக்கு உப்பை வாரிக்கொண்டிருந்தது. மாடத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து நீங்க யாரும் தூக்க வேண்டாம்" என்றாள். "வாங்க, உக்காருங்க, போங்க. நான் மட்டும் சுமக்கேன்."

"என்ன மதினி சொல்லுத?"

"உக்காந்தா கெட்டுப்போகும்னு டாக்டரம்மா சொன்னாவள்லா? கெடட்டும். இருவத்தஞ்சு நாள் கழிச்சு இந்தக் கம்பெனியில நல்ல ரத்தம் ஒருத்திகிட்டதான் இருக்கணும். அப்பறம் திட்டத்த நான் சொல்லுதேன்."

எஸ்தர் கண்ணைத் துடைத்தாள். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "அண்ணன யாரு பாப்பா?"

"சும்மாதான உக்காரப் போறிய? அங்க போயி உக்காருங்க. முறை வச்சுக்கிடுங்க."

மறுநாள் முதல் அந்த முந்நூறு அடி வெயிலில் ஒரே ஒரு தலை மட்டும் போய்வந்தது. மற்றவர்கள் அம்பார நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து பேன் பார்த்தார்கள், தாயம் ஆடினார்கள். நான்கு பேர் முறை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதல் வாரம் கிருபாகரன் சிரித்தார். "சும்மா இருந்து பழக்கமில்லாத சனம். ரெண்டு நாள்ல அதுங்களே எந்திரிச்சிடும்." இரண்டாவது வாரம் சம்பளத்தை நிறுத்தினார். பெண்கள் வீட்டிலிருந்து பழையதைக் கொண்டுவந்து பங்கு போட்டுத் தின்றார்கள். வேறு ஆள் பிடித்துப் பார்த்தார். வந்த பன்னிரண்டு பேரும் இளவட்டம், மூன்றாவது பெட்டியில் நான்கு பேருக்கு மயக்கம். மிச்சம் எட்டுப் பேரின் ரத்தம் தேறப் பதினைந்து வருடம் ஆகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் எஸ்தரின் எண் முப்பத்தெட்டு. அன்று கிருபாகரன் அம்பார நிழலுக்கே வந்து கைகூப்பினார். உப்பளம் தோன்றிய நாளிலிருந்து ஒரு மேலாளர் கூலிக்காரிகளைப் பார்த்து, "எந்திரிங்கம்மா, உங்க உடம்பு கெட்டுப்போயிடும்மா" என்று கெஞ்சியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"நாங்க பெரிய மனுசியா ஆயிட்டோம் சார்" என்றாள் எஸ்தர், தாயத்தை உருட்டியபடி. "ஏசி மட்டுந்தான் இல்ல."

மாடத்தி நூறு பெட்டி சுமந்தாள். நூற்றுப்பத்து சுமந்தாள். பாதம் மறுபடி வெடித்து, உப்பு ஏறி எரிந்தது. இருபத்துமூன்றாம் நாள் டாக்டர் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு எண்பத்திரண்டு என்றாள். சொன்ன சத்தம் அடங்குவதற்குள் கிருபாகரன் படிவத்தோடு நின்றார்.

"மாடத்தி அம்மா, நம்ம சேர்மனோட அம்மாவுக்கு அவசரம். ரொம்ப வயசானவங்க. உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல..."

"இருக்கு சார். அந்தம்மாவுக்கு ரெண்டாவது பை. மொதப் பை எங்க வீட்டுக்காரவுகளுக்கு. எழுதுங்க. இன்னொன்னும் எழுதுங்க, இனிமே இங்க சுமக்குத எவ வீட்டுல சீக்கு வந்தாலும் எந்தப் பையா இருந்தாலும் மொதல்ல அவளுக்கு."

"விதி அப்படி இல்லையேம்மா..."

"அப்ப நானும் போயி தாயம் ஆடுதேன். பத்து நாளுதான? பாதியாயிரும்."

கிருபாகரன் எழுதினார். மாடத்தி அதை எஸ்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகுதான் தலையசைத்தாள்.

"சரி, உள்ள வாங்க. எடுத்திடலாம்" என்றார் அவர்.

"இங்க வச்சு எடுத்தா வண்டியில ஏறிரும். ஆஸ்பத்திரியில அவிய கட்டில் பக்கத்துல வச்சு எடுங்க. மிஷினத் தூக்கிட்டு வாங்க."

"நாற்பது கிலோம்மா அது! யார் தூக்குறது?"

நிழலில் இருந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு மூன்றாவது மாடி. லிஃப்டில் நோயாளிகளுக்கு மட்டும்தான் இடம். கிருபாகரன் ஒரு பக்கம், டாக்டர் மதுவந்தி ஒரு பக்கம், நடுவில் இயந்திரம். இரண்டாவது மாடியில் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. கிருபாகரன் சட்டையைக் கழற்றிச் சும்மாடு கோலித் தலையில் வைத்து, அதன் மேல் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டார். கழுத்து ஆடியது. படிக்கட்டு ஓரத்தில் முறைக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"பாத்துப் போங்க சார்" என்றாள் எஸ்தர். "இன்னும் இருவது வருசம் இப்படிச் சுமந்தா ஒங்க ரத்தமும் தேறிரும்."

பொன்னுலிங்கம் விழித்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை, டாக்டர்களும் சொல்லவில்லை. காவலை எழுப்பலாம், எழுந்தவன் என்ன செய்வான் என்பது அவன் பாடு. ஒரு பக்கம் மாடத்தியின் கையில் ஊசி ஏறியது, இன்னொரு பக்கம் அவர் கையில். நடுவில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறத்தில், சொட்டுச் சொட்டாகத் தோணிகள் குழாயில் இறங்கின.

"என்னளா அது, கஞ்சித் தண்ணி மாதிரி?"

"உப்பு சுமந்த கூலி" என்றாள் மாடத்தி. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் இழுத்து, இருபத்துமூன்று நாளில் முதல் தடவையாக, உட்கார்ந்தாள்.